வெய்ட்டுக்கு ஓலை வாசித்த ஞாயிறுகள்

“வெய்ட்” என்று எட்மண்ட் சொல்லி முடித்ததும் அந்தச் சொல் அவன் வாயிலிருந்து இறங்கி, முன்பெஞ்சின்மேல் காலை ஊன்றி நின்று, உடம்பை ஒருதரம் உதறிக்கொண்டு, தனக்குப் பின்னால் வரவேண்டியது வருகிறதா என்று திரும்பிப் பார்த்தது. எதுவும் வரவில்லை. அவன் வாய் திறந்தபடியே இருந்தது. ரெஜினாள் டீச்சர் சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு, “வாய மூடுங்க எட்மண்டு, ஈ கேறும்” என்றாள். ஆட்டுக்குட்டி அளவில், நனைந்த சாம்பலின் நிறத்தில், நீண்ட கழுத்தோடு இருந்த அது பெஞ்சிலிருந்து குதித்து, வாசலில் கிடந்த செருப்புகளை மிதிக்காமல் தாண்டி, உரக்கடை மாடியின் படிகளில் இறங்கிப் போய், பேருந்து நிறுத்தத்தில் நின்று சாலையைப் பார்க்கத் தொடங்கியது.

“அடுத்த ஆளு” என்றாள் டீச்சர்.

அடுத்த ஆளுக்கும் அப்படித்தான் ஆனது. அந்த மழைக்காலம் முழுக்க, சிற்றாற்றுவிளையில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் அப்படித்தான் ஆனது. அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு நர்ஸ் கடல் கடந்து போயிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு புருஷனோ ஒரு தாயோ மிச்சமிருந்து, அவள் இருக்கும் நாட்டுக்குப் போவதற்காக அந்த நாட்டின் பாஷையில் சில நிமிடங்கள் பேசிக்காட்ட வேண்டியிருந்தது. ரப்பர் வெட்டுகிறவர்களும் ஓட்டுநர்களும் ஓய்வுபெற்ற அஞ்சல்காரரும் வெற்றிலை போடும் மாமியார்களும் பிற்பகலில் அந்த மாடியில் கூடி, வினைச்சொற்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். சொன்னவை இறங்கிப் போயின. அவற்றோடு சேர வேண்டிய சின்னச் சொற்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாக்குக்கடியில் ஒதுக்கி வைத்திருந்தவர்களின் வாயிலிருந்து, வீட்டில் சோறு உண்ணும்போதோ கொட்டாவி விடும்போதோ, அவையும் தனியாக விழுந்தன. சின்னவை கோழி அளவில்தான் இருந்தன. சிறகு இல்லை.

ஊர் முதலில் அவற்றுக்குக் கஞ்சித் தண்ணீர் வைத்தது. பிறகு கொணம் பார்த்தது. ‘ஆன்’ எதைக் கண்டாலும் மேலே ஏறி உட்கார்ந்தது, ஓட்டின்மேல், திண்டின்மேல், படுத்திருக்கும் மாட்டின் முதுகின்மேல். ‘இன்’ அரிசிப் பானைக்குள்ளும் குடைக்குள்ளும் இருந்தது. ‘டூ’ நேராக நடந்துகொண்டே போய்ச் சுவரில் முட்டி நின்றது, யாராவது திருப்பிவிட்டால் அந்தத் திசையில் நடந்தது. ‘வித்’ யாருடைய இடுப்போரத்திலாவது ஒட்டிக்கொண்டு கண்ணை மூடியது. ‘ஃபார்’ மட்டும் யாருக்கும் முகம் கொடுக்கவில்லை. அது எந்த வீட்டில் விட்டாலும் வெளியே வந்து, பேருந்து நிறுத்தத்தில், எட்மண்டின் வாயிலிருந்து இறங்கிய ‘வெய்ட்’ நின்ற இடத்திற்கு அருகில் நின்று, அது பார்த்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

எட்மண்ட் விடியுமுன் ரப்பர் வெட்டி, பால் எடுத்து, உறைய வைத்துவிட்டு, பத்து மணி வாக்கில் தோட்டத்திலிருந்து திரும்பும்போது தினமும் அந்த இரண்டையும் பார்த்தான். ஒன்றின் நிழல் மற்றொன்றின்மேல் கிடந்தது. பேருந்து வந்து, ஆட்கள் இறங்கி, பேருந்து போனபின்பும் அவை அப்படியே நின்றன.

மதியம் அவன் மனைவி பிறீடா போனில் கூப்பிடுவாள். அங்கே அப்போது காலை. மகள் ஜோவினா பள்ளிச் சீருடையில் மேசையில் உட்கார்ந்து பாலில் எதையோ போட்டுக் கரண்டியால் தின்றுகொண்டிருப்பாள். எல்.கே.ஜி. முடித்த கையோடு தாயோடு போனவள். போன புதிதில் தோட்டத்துப் பூனையைப் பற்றிக் கேட்டாள், பிறகு பூனையின் பெயரை மறந்தாள், பிறகு பூனை என்ற சொல்லை.

“ஐ ஆம் வெய்ட்டிங் ஃபார் யூ, அப்பா” என்று ஒருநாள் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

அவள் வாயிலிருந்து எதுவும் இறங்கவில்லை. அந்த இரண்டும் சேர்ந்தே வந்து, சேர்ந்தே காற்றில் போயின. எட்மண்ட் சிரித்தான். பதில் சொல்ல வாயைத் திறந்தான். அவனுடைய ‘வெய்ட்’ சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்தது. வாயில் ஒன்றும் இல்லை.

பிறீடா போனை வாங்கினாள். “இஞ்ச பாருங்க, இந்தத் தடவ பாஸாவணும். பரீட்சைக்குக் கொச்சில தேதி கெடச்சிருக்கு. இல்லன்னா, எப்ப வருவீங்கன்னு நான் இனி கேக்க மாட்டேன்.”

“கேக்க மாட்டேன்னா?”

“கேக்க மாட்டேன்னா கேக்க மாட்டேன். அப்பா வருவாரு, வருவாருன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கு. அவ இப்ப எங்கிட்ட கேக்கியதில்ல. நான்தான் சொல்லிட்டு இருக்கேன்.”

“பாஸாவேன் பிறீடா.”

“தின்னீங்களா?” என்றாள் அவள், பிறகு வைத்துவிட்டாள்.

ஊரில் எல்லோருக்கும் இப்படி ஏதாவது ஒரு தேதி இருந்தது. வாயிலிருந்து இறங்கிய சொற்கள் திரும்பி ஏறாமல், தெருவிலும் தோட்டத்திலும் தம்போக்கில் திரிந்து, ரப்பர் மரத்தில் கட்டிய சிரட்டைகளைக் கவிழ்த்து, பாலைக் கொட்டி, இருட்டிய பிறகும் ஒன்றோடொன்று நிற்பதைப் பார்த்தபோது, சபைக் கமிட்டிச் செயலாளர் பாக்கியநாதன், முறையாகக் கெட்டிவைத்தால் இதுகள் அடங்கி வீடு திரும்பும் என்றார். அதை யாரும் மறுக்கவில்லை. கலியாணம் ஆகாமல் சுற்றிய எவரையும் அந்த ஊர் அப்படித்தான் வீட்டுக்குத் திருப்பியிருந்தது. வாலிபர்களை, கப்பல் வேலைக்குப் போய் வந்தவர்களை, ஒருமுறை ஒரு உபதேசியாரைக்கூட.

வேதக்கோயில் விறாந்தையில் கூட்டம் போட்டார்கள். ரெஜினாள் டீச்சர் தன் புத்தகத்தோடு வந்திருந்தாள். எந்த வினைக்கு எந்தச் சின்னது என்று அவள் வாசிக்கத் தொடங்கியதும் பாக்கியநாதன் கையைக் காட்டினார்.

“டிபெண்டுக்கு ‘ஆன்’னு போட்டிருக்கு. சரி. ஏன்?”

“ஏன்னு கேக்கப்பிடாது அண்ணாச்சி. அங்க அப்படித்தான் சொல்லுவாவ.”

“அங்க சொல்லுவாவன்னு இங்க ஒரு பிள்ளையக் குடுக்க முடியுமா டீச்சர்? கொணம் பாக்கண்டாமா? அந்த டிபெண்டப் பாத்தீங்களா, செவத்துல சாயாம ஒரு அடி எடுத்து வைக்காது. அதுக்குப் போய் மேல ஏறி உக்காரியதக் குடுத்தா நடு ஒடிஞ்சு சாவும்லா?”

“எனக்க வாயிலருந்து வந்ததாக்கும் அது” என்றார் ஓய்வுபெற்ற அஞ்சல்காரர், கவலையோடு. “அதுக்கு முதல்லயே ஈளை, மூச்சு வாங்கும்.”

“பின்ன? வீட்டுக்குள்ள அடங்கி இருக்க பிள்ள வேணும். ‘இன்’னு ஒண்ணு இருக்குல்லா, நல்ல அடக்கம். பானைக்குள்ளேருந்து சத்தம் வராது” என்றார் பாக்கியநாதன்.

டீச்சர் புத்தகத்தைப் பார்த்தாள். அவளும் அந்த நாட்டைப் பார்த்ததில்லை. புத்தகத்தில் எது எதோடு சேரும் என்று இருந்தது, எதற்காகச் சேரும் என்று இல்லை. காரணமில்லாத ஒரு பந்தத்தை அந்த விறாந்தையில் எடுத்து வைத்து வாதாட, புத்தகம் மட்டும் போதவில்லை. அவள் அதை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அதன்பிறகு ஊர் தனக்குத் தெரிந்தபடி செய்தது. வீடு பார்த்தது, நடை பார்த்தது, எது எதற்கு அனுசரணையாக இருக்கும் என்று பார்த்தது. முன்கோபம் உள்ளதற்குப் பொறுமையானதைக் கொடுத்தது, தனிமையில் இருப்பதற்குக் கலகலப்பானதைக் கொடுத்தது, இரண்டு வீட்டுக்குப் பழைய பகை இருந்தால் அதை ஆற்ற இந்த வீட்டு வினையை அந்த வீட்டுச் சின்னதோடு சேர்த்தது. ஒரு குறையும் சொல்ல முடியாதபடி, அன்போடு, எல்லாவற்றையும் தவறாகச் சேர்த்தது.

எட்மண்டின் ‘வெய்ட்’டுக்குத் தங்கப்பழம் வளர்த்த ‘வித்’தை முடிவு செய்தார்கள்.

தங்கப்பழம் அவனுடைய பக்கத்து வீட்டுக்காரி. புருஷன் இல்லை. மகன் கனடாவில் ஒரு நர்ஸைக் கட்டி அங்கேயே இருந்துகொண்டான், கிறிஸ்துமஸுக்கு ஒரு படம் அனுப்புவான். ‘வித்’ அவள் வாயிலிருந்து விழுந்த நாளிலிருந்து அவளுடைய இடுப்போரத்தில் இருந்தது. அவள் மீன் கழுவும்போதும் ஜெபிக்கும்போதும் இருந்தது. சம்மதம் கேட்க எட்மண்டையும் அழைத்துக்கொண்டு பாக்கியநாதன் போனபோது, அவள் ஏத்தங்காய் வற்றலும் கட்டன் சாயாவும் வைத்து, புதுச் சேலை உடுத்து நின்றாள்.

“கொண்டுபோங்க” என்றாள். “எனக்குச் சங்கடம்தான். ஆனா பெண்ண வீட்டுல வச்சிருக்க முடியுமா? எட்மண்டு தம்பி வாயில இருந்தா நான் எப்பவும் கேக்கலாம்லா. செவருக்கு அந்தப் பக்கந்தானே.”

“காத்துக் கெடக்கவனுக்குக் கூட ஒரு ஆளு வேணும்” என்றார் பாக்கியநாதன். “இதவிடப் பொருத்தம் எங்க இருக்கு? எட்மண்டு, நீ என்ன சொல்லுத?”

எட்மண்ட் சாயாவைக் குடித்தான். ‘வித்’ தங்கப்பழத்தை விட்டு வந்து அவன் இடுப்பில் சாய்ந்தது. அதன் உடம்பு சூடாக இருந்தது.

“அந்த ஃபார் ஒண்ணு நிக்குதே, அண்ணாச்சி” என்றான்.

“அதா? அது முகம் பாத்துப் பேசாது. எப்பவும் தூரத்தையே பாத்துட்டு நிக்கும். அது குடும்பத்துக்கு ஆவாது.”

“ஆமா” என்றாள் தங்கப்பழம். “அதுக்கக் கண்ணு இஞ்ச இல்ல.”

எட்மண்ட் டம்ளரைக் கீழே வைத்தான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுத்துக்கொள்வதுதான் வழக்கம்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் சபை நடுவே சொல்லி, இந்த இருவரும் இணைவதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இங்கே இப்போதே சொல்லலாம் என்று சபைப் போதகரான ஐயர் கேட்பார். கேட்டுவிட்டு, ஒரு மூச்சு அளவு நிறுத்துவார். அந்த ஒரு மூச்சில் அந்தக் கோயிலில் யாரும் இருமுவதுகூட இல்லை. எட்மண்டின் தகப்பன் காலத்தில் ஒரே ஒருவன் எழுந்து நின்றிருக்கிறான். அவன் சொன்னது உண்மைதான் என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் அந்தப் பெண்ணின் வீட்டார் இருந்ததை விற்று நெடுமங்காட்டுப் பக்கம் போனார்கள், பெண் கடைசிவரை கட்டாமல் இருந்தாள், எழுந்து நின்றவன் செத்தபோது பெட்டி தூக்க நாலு பேர் கிடைக்காமல் அடுத்த ஊரிலிருந்து வந்தார்கள். உண்மையைச் சொல்ல அந்த ஒரு மூச்சு இருந்தது. அதைச் சொல்லாமலிருக்க ஊர் முழுவதும் இருந்தது.

முதல் ஓலையில் ஐயர் ஒரு குவியல் பெயர்களை வாசித்தார். “எட்மண்ட் வீட்டு வெய்ட்டுக்கும், தங்கப்பழம் வீட்டு வித்துக்கும்.” எட்மண்டின் காதில், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகள் சொன்னது கேட்டது. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அந்த வாரம் முழுவதும், மரத்தின் பட்டையைச் சீவும்போதும், சிரட்டையை நிமிர்த்தி வைக்கும்போதும், சொல்ல வேண்டியதை மனசுக்குள் கோத்துப் பார்த்தான். தங்கப்பழம் மயினி, தப்பா நெனக்கண்டாம். அதற்குமேல் கோக்க வரவில்லை.

இரண்டாம் ஓலையில் பெஞ்சின் முன்கம்பியைப் பிடித்தான். ஜன்னல் வழியாகப் பேருந்து நிறுத்தம் தெரிந்தது. இரண்டும் மழையில் நின்றுகொண்டிருந்தன. ஐயர் அடுத்த பெயர்களுக்குப் போய்விட்டார்.

மூன்றாம் ஓலையன்று தங்கப்பழம் பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில், ‘வித்’தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதன் கழுத்தில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தாள். தடை அறிந்தவர்கள் இங்கே இப்போதே சொல்லலாம் என்று ஐயர் கேட்டு நிறுத்தியபோது, அவள் திரும்பி எட்மண்டைப் பார்த்துச் சிரித்தாள். மகனை விமானம் ஏற்றிய பிறகு அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை. அந்த ஒரு மூச்சு வந்தது. நீண்டது. போனது.

கல்யாணங்கள் ஒரே நாளில் நடந்தன. கிழங்கும் மீன்கறியும் போட்டார்கள். அன்று மாலையே சொற்கள் ஜோடி ஜோடியாக வீடு திரும்பி, திறந்திருந்த வாய்களில் ஏறிக்கொண்டன. ‘வெய்ட்’டைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து கயிறு போட்டுத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. அதன்பிறகு அதுவும் அடங்கியது. ‘ஃபார்’ கொஞ்சதூரம் பின்னால் வந்து, கோயில் வளைவோடு நின்றுவிட்டது.

அந்த மாதம் சிற்றாற்றுவிளை ஆங்கிலம் பேசியது. சாயாக்கடையில் பேசியது, மீன்காரியிடம் பேசியது. ஒருவர் சொன்னது ஒருவருக்கு அப்படியே புரிந்தது. தட்டுத் தடங்கல் இல்லை. ஓய்வுபெற்ற அஞ்சல்காரர் மழையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். தங்கப்பழம் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, எட்மண்ட் தன் பாடத்தைச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ‘வித்’ வரும் இடங்களில் “நல்லா இருக்கியா மக்கா” என்பாள். ரெஜினாள் டீச்சர் யாரையும் திருத்தவில்லை. திருத்தினால் எதைப் பிரிக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கொச்சியில் தேர்வெடுத்த அம்மாள் நல்லவளாக இருந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னாள். எட்மண்ட் நிமிர்ந்து உட்கார்ந்து, தயங்காமல், “ஐ வெய்ட் வித் மை டாட்டர்” என்றான். இரண்டும் அவன் வாயிலிருந்து இறங்கி மேசைமேல் உட்கார்ந்தன, ஒன்றன் விலாவில் ஒன்று ஒட்டியபடி. அம்மாள் தன் காகிதங்களைச் சற்று நகர்த்தி அவற்றுக்கு இடம் விட்டாள். பிறகு எட்மண்டுக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள். எட்மண்டும் பார்த்தான். அவன் அப்போது வேறு விதமாகச் சொல்ல முயன்றான். நாக்கு போய்த் தேடிய இடத்தில் ரிப்பன் கட்டிய அந்தச் சூடான உடம்புதான் இருந்தது. மறுபடியும் அதையே சொன்னான். “தேங்க் யூ” என்றாள் அம்மாள், மெதுவாக.

ஊரில் ஒருவரும் தேறவில்லை.

அதற்காக யாரும் யார்மேலும் கோபப்படவில்லை. முடிவு வந்த நாளில் சாயாக்கடையில் ஒருவர், அந்த நாட்டில் குடும்பம் நடத்தும் விதமே வேறு, அவர்களுக்கு நம்முடைய கட்டு புரியாது என்றார். டீச்சர், இன்னும் காலம் போய்விடவில்லை, வேண்டுமானால் ஒன்றிரண்டையாவது மாற்றிப் பார்க்கலாம் என்று தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

“கெட்டிக் குடுத்தாச்சு டீச்சர்” என்றார் பாக்கியநாதன். அவருடைய மனைவி மஸ்கட்டிலிருந்து அயர்லாந்துக்குப் போய் ஒன்பதாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. “இனி பிரிச்சா அதுகளுக்கு யாரு இருக்கா?”

டீச்சர் வகுப்பைத் தொடர்ந்து நடத்தினாள். ஆட்களும் வந்தார்கள். பிற்பகலில் வேறு எங்கே போவது? அவர்கள் பேசிய ஆங்கிலம் நாளுக்கு நாள் செழித்தது. அதில் வேடிக்கைகளும் வசவுகளும் உண்டாயின, தாலாட்டுகூட ஒன்று உண்டானது. அந்த ஊரின் எல்லையில், கால்வாய்ப் பாலத்தோடு, அது நின்றது.

பிறீடா சொன்னபடியே பிறகு கேட்கவில்லை. கூப்பிடுவதை நிறுத்தவும் இல்லை. மதியம் என்பது ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனது, பிறகு ஏதாவது ஒரு ஞாயிறு ஆனது. ஜோவினாவுக்கு முன்பற்கள் விழுந்து புதியவை முளைத்திருந்தன. எட்மண்ட் தன்னிடம் இருந்த ஆங்கிலத்தில் அவளோடு நிறையப் பேசினான். அவள் தலையைச் சாய்த்து மரியாதையாகக் கேட்டாள். “சாரி?” என்பாள். அவன் மறுபடி சொல்வான். அவள் தாயைப் பார்ப்பாள்.

“வாட் இஸ் ஹி சேயிங்?” என்று எட்மண்டுக்குக் கேட்கும்படியே ஆங்கிலத்தில் கேட்பாள்.

“ஒண்ணுமில்ல. தின்னியான்னு கேக்காரு” என்பாள் பிறீடா.

ஒருநாள் ஜோவினா கரண்டியைக் கீழே வைக்காமலே, “ஓகே, பை” என்றாள்.

அடுத்த ஐப்பசியில், பாக்கியநாதனின் தம்பி மகளுக்கு முதல் ஓலை வாசித்தார்கள். மாப்பிள்ளை நட்டாலம் பக்கம். பெண் நர்ஸ், கல்யாணம் முடிந்து பதினைந்து நாளில் விமானம். காலையிலிருந்து மழை விடவில்லை. கோயிலின் ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். எட்மண்ட் ஓரப் பெஞ்சில், ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில், அவன் வாயிலிருந்து இறங்கி, ‘வெய்ட்’ படுத்திருந்தது. அதன் விலாவில் ‘வித்’ தூங்கியது. ரிப்பன் வெளுத்து வெள்ளையாகியிருந்தது. வெளியே, ஜன்னல் கட்டையின் கீழே, ஏதோ நனைந்த உடம்பு சுவரில் உராயும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ‘வெய்ட்’ தலையைத் தூக்கவில்லை. காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியிருந்தது.

ஐயர் பெண்ணின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் வாசித்தார். இந்த இருவரும் இணைவதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இங்கே இப்போதே சொல்லலாம் என்று கேட்டு, ஒரு மூச்சு அளவு நிறுத்தினார்.

எட்மண்ட் எழுந்தான். ஜன்னல் கொண்டியை நீக்கி, ஒரு கதவைத் தள்ளித் திறந்து, மழைக்குள் கையை நீட்டி, எலும்பும் ஈரமுமாக இருந்த ‘ஃபாரை’த் தூக்கி உள்ளே எடுத்தான். பெஞ்சின் ஓரத்தில், தனக்கு மறுபக்கம் வைத்தான். கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

ஐயர் அடுத்த அறிவிப்பை வாசித்தார்.